விளக்கும் நோட்டுப் புத்தகமும்

அனுப்பர்பாளையத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. வெகுகாலம் பாத்திரப் பட்டறை நடத்தியவர். இப்போது பட்டறையை மகன் கையில் ஒப்படைத்துவிட்டுத் திண்ணையில் சாய்வு நாற்காலி போட்டுக்கொண்டு நாவல் படிக்கிறார். நான் எழுதியவற்றையும் படிக்கிறார். படித்துவிட்டுச் சண்டையும் போடுகிறார். திருப்பூர்ப் பக்கம் போனால் அவர் வீட்டில் ஓர் இரவாவது தங்காமல் நான் திரும்பியதில்லை.

சென்ற முறை போயிருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பூரின் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தனி அமைதி இருக்கிறது. வாரம் முழுவதும் ஒன்றரை ஷிப்ட் ஓடிய ஊர், அதாவது காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்து இரவு எட்டரைக்கு எழுந்த ஊர், அன்றைக்குத்தான் துணி துவைக்கிறது, கறி எடுக்கிறது, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறது. அப்படிப்பட்ட ஒரு மத்தியானத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் தம் மகளை அழைத்துக்கொண்டு திண்ணைக்கு வந்தார். அந்த அம்மாள் இருபது வருஷமாகப் பனியன் கம்பெனியில் கைமடி. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்து மடித்துக் கொடுக்கும் வேலைக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். மகள் நர்ஸ்.

“கதை எழுதறவங்கன்னு அண்ணன் சொன்னாருங்க. இந்தப் புள்ளைக்கு ஒரு ஞாயம் சொல்லோணுமுங்க. நான் சொன்னா கேட்கமாட்டேங்குது” என்றார் அந்த அம்மாள்.

கதை எழுதுகிறவனிடம் நியாயம் கேட்க வருகிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கதையில் யார் பக்கம் நியாயம் என்பதைக் கடைசி அத்தியாயம் வரை ஒளித்து வைப்பதுதானே எங்கள் பிழைப்பு! ஆனால் அந்தப் பெண் சொல்லத் தொடங்கிய பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் மூன்று வருஷம் டிப்ளமோ படித்தவள். முதலில் ஊருக்குள் ஒரு தனியார் நர்ஸிங் ஹோமில் இரண்டு வருஷம் வேலை பார்த்தாள். அங்கே அவள் மாதம் முழுவதும் இரவும் பகலும் மாறி மாறி உழைத்து வாங்கியதைவிட, எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்த அவளுடைய அக்காள் நான்கு சனிக்கிழமைகளில் வாங்கியது அதிகம். இதை அவள் குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு ஒரு பெரிய பனியன் கம்பெனியில் மருத்துவ அறைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு மருத்துவ அறை இருக்க வேண்டும், அதில் நர்ஸ் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும் அந்த அறையை விட்டுவிடவில்லை. 500 என்ற எண்ணும் மாறவில்லை. சட்டம் சொன்ன அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று, ஒரு பீரோ. வெளிநாட்டு வியாபாரிகளின் ஆட்கள் தணிக்கைக்கு வரும் நாட்களில் கட்டிலுக்குப் புது விரிப்பு வரும். வாரத்தில் ஒரு நாள் டாக்டர் வருவார். மற்ற நாட்களுக்கு அவர் எழுதிவைத்த குறிப்புப்படி இவள்தான் எல்லாம்.

“எனக்கு முந்தி மாத்திரையை லைன் சூப்பர்வைசரே வெச்சிருந்தாருங்க. ஒரு டப்பா. அட்டையுமில்லை, பேருமில்லை. வவுத்து வலின்னு போனா ஒண்ணு. தலைவலின்னு போனா அதே ஒண்ணு.”

எனக்கு இது புதிய செய்தி அல்ல. 2019ஆம் ஆண்டில் தாம்ஸன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் நிருபர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி எழுதியிருந்தார்கள். மாதவிலக்கு வலி என்று சொன்னால், மெஷின் நிற்கக்கூடாது என்பதற்காகப் பெயரில்லாத மாத்திரை கொடுக்கப்படுகிறது என்பதுதான் அந்தச் செய்தி. அதைப் படித்தபோது “ஐயோ” என்றேன், பத்திரிகையை மடித்து வைத்தேன், காப்பி குடித்தேன். நம்மில் பெரும்பாலோர் செய்வது இவ்வளவுதானே! அந்த டப்பா யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பதை இப்போது அவள் வாயால் கேட்கும்போதுதான் உறைத்தது.

டப்பாவை வாங்கிக் குப்பையில் போட்டது அவள் செய்த முதல் காரியம். இரண்டாவது காரியம், ஒரு நீள நோட்டுப் புத்தகம் வாங்கினாள். யார் வந்தார்கள், எந்த லைன், எத்தனை மணி, என்ன உபாதை, என்ன கொடுத்தேன். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் பழகிய பழக்கம், கை சும்மா இருக்காமல் எழுதியது என்றாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் வேலை குறைவாக இருந்தபோது அந்த நோட்டைப் புரட்டினாள். மயங்கி விழும் பெண்கள் பெரும்பாலும் பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் நடுவிலே விழுகிறார்கள். அத்தனை பேரும் காலையில் சாப்பிடாமல் பஸ் ஏறியவர்கள். இது ஒன்று. இன்னொன்று, நீர்க்கடுப்பு, எரிச்சல் என்று வருகிறவர்கள் எல்லா லைனிலிருந்தும் வரவில்லை. ஒரே ஒரு லைனிலிருந்து வருகிறார்கள். அந்த லைனில் கழிப்பறைக்குப் போக ஒரு டோக்கன் வாங்க வேண்டும். இரண்டே டோக்கன். டோக்கன் கேட்கக் கூச்சப்பட்டு அந்தப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார்கள்.

அவள் கொடுத்த மருந்தெல்லாம் சரியான மருந்துதான். ஆனால் நோய் இருந்த இடம் வயிறு அல்ல, டோக்கன்.

நோட்டை எடுத்துக்கொண்டு மானேஜரிடம் போனாள். அவர் பார்த்தார். “நீ நர்ஸா, இல்லை லேபர் ஆபீசரா?” என்று கேட்டார். கேட்டாரே தவிர, மனிதர் முழுக்கக் கெட்டவர் அல்லர் போலிருக்கிறது. அந்த லைனில் டோக்கன் இரண்டிலிருந்து ஐந்தாயிற்று. பத்து நாள் கழித்து அவளைக் கூப்பிட்டு, “உனக்கு மூளை இருக்கிறது. மூன்று யூனிட்டுக்கும் மருத்துவ அறைகளை நீயே மேற்பார்வை செய். உனக்குக் கீழே இரண்டு பெண்களைப் போட்டுத் தருகிறோம். சம்பளம் இவ்வளவு” என்றார். சம்பளம் நர்ஸிங் ஹோமில் வாங்கியதைப் போல் இரண்டரைப் பங்கு. ஒரே ஒரு நிபந்தனை. மாதம் முடிந்ததும் யார் யார் எந்தெந்த நாளில் மருத்துவ அறைக்கு வந்தார்கள் என்ற பட்டியலைப் பேர் போட்டு ஆபீசுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

“வாங்கிக்கோ கண்ணுன்னு சொல்றேனுங்க. நாங்க நின்ன கால்லயே நின்னாச்சு. இதாவது உட்காரட்டுமுங்க” என்றார் தாயார்.

“உட்கார்ந்துட்டா நான் நர்ஸுங்களா ஐயா?” என்றாள் மகள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அவர்கள் வீட்டுக்கு என்னை அழைத்துப் போய்க் காப்பி கொடுத்தார்கள். சுவரில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. படிப்பில் சேர்ந்த முதல் வருஷம், வெள்ளைச் சீருடையில், கையில் எரிகிற விளக்குடன் அந்தப் பெண். நர்ஸ் படிப்புக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு விழாவும், அப்படி ஒரு படமும் உண்டு.

அன்று இரவு எனக்கு அந்த விளக்கைப் பற்றியே நினைப்பாக இருந்தது. அதன் மூலம் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். கிரிமியா யுத்தத்தில் இரவு நேரத்தில் காயம்பட்ட சிப்பாய்களின் படுக்கை படுக்கையாக விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்த மாதரசி. நம் பாடப் புத்தகங்கள் அவரை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டன. அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லுகிறவர்கள் குறைவு.

1854 நவம்பரில் 38 பெண்களோடு அவர் ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். பரிவுக்குக் குறைவில்லை, உழைப்புக்கும் குறைவில்லை. ஆயினும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் அங்கே சேர்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கட்டிடம் அடைத்துக்கொண்ட சாக்கடைகளின் மேல் நின்றது. மார்ச்சில் சுகாதாரக் குழு ஒன்று வந்து சாக்கடையைத் திறந்து கழுவி, தண்ணீர் வரும் வழியைச் சுத்தம் செய்து, காற்றுக்கு வழிவிட்டது. ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு இரண்டு.

யுத்தம் முடிந்து 1856இல் ஊர் திரும்பிய நைட்டிங்கேல், வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிவர நிபுணரின் துணையோடு இந்தக் கணக்குகளை எல்லாம் கொட்டி ஆராய்ந்தார். தாம் விளக்கைப் பிடித்து நடந்த அந்தக் குளிர்காலத்தில், குண்டு பட்டுச் செத்தவர்களைவிட, தவிர்த்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்கள் பல மடங்கு என்று கண்டார். அந்த நேரத்தில் அவர் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! தாம் கண்ணைத் துடைத்துவிட்ட அதே பிள்ளைகளை, தம் காலடியில் ஓடிய சாக்கடை கொன்றுகொண்டிருந்தது. 1858இல் அதையெல்லாம் ஒரு படமாக வரைந்தார். பூவிதழ்கள் போல் விரிந்த வட்டம், ஒவ்வோர் இதழும் ஒரு மாதத்துச் சாவு. லண்டன் புள்ளிவிவரச் சங்கம் முதன்முதலாக ஒரு பெண்ணை அங்கத்தினராகச் சேர்த்ததும் அந்த வருஷத்தில்தான். 1860இல் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் தாதியர் பள்ளி. அதன் பிறகு 1910இல் தொண்ணூறாவது வயதில் கண்மூடும் வரை, நோயாளியாகவே பெரும்பாலும் அறைக்குள் கிடந்து, அறிக்கை எழுதினார், கடிதம் எழுதினார், மந்திரிகளை அதட்டினார். இந்தியாவின் மண்ணை மிதிக்காமலே இந்தியாவின் சாக்கடையையும் தண்ணீரையும் பற்றி வருஷக்கணக்காக வாதாடினார்.

அப்படியானால் அவர் நர்ஸாக இருந்தது எத்தனை நாள்? படுக்கையருகே நின்றதை மட்டும் கணக்கிட்டால் இரண்டு வருஷத்துக்குச் சற்று அதிகம் தேறும். மற்ற ஐம்பது வருஷமும் அவர் நர்ஸ் இல்லையா?

நான் இந்தக் கேள்வியை வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாகக் கேட்கிறேன். விளக்கு வெறும் அழகு, நோட்டுப் புத்தகம்தான் காரியம் என்று சொல்லிவிட்டால் கட்டுரை இதோடு முடிந்துவிடும். எனக்கு அது சரியென்று படவில்லை. அந்த வார்டுகளில் நடந்திராதவருக்கு எதை எண்ண வேண்டும் என்பது எப்படித் தெரிந்திருக்கும்? நம் பெண்ணும் நீர்க்கடுப்பு என்ற வார்த்தையோடு நின்றிருந்தால் ஒன்றும் கண்டுபிடித்திருக்க மாட்டாள். “ஏன் கண்ணு தண்ணி குடிக்கமாட்டேங்கறே?” என்று ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதால் டோக்கன் வெளியே வந்தது. ஆபீசில் இருந்த கணக்கப்பிள்ளையிடம் அதே நோட்டைக் கொடுத்திருந்தால் ‘மாத்திரைச் செலவு இந்த மாதம் கூடுதல்’ என்று எழுதியிருப்பார்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்ற அதிகாரத்தைப் பாடி வந்து கடைசிக் குறளில் ஒரு காரியம் செய்கிறார். மருத்துவம் என்பது நான்கு கூறு என்று எண்ணுகிறார். நோயுற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து, பக்கத்தில் நின்று அதைக் கொடுப்பவன். அந்த நாலாமவனுக்கு அவர் கொடுத்த பெயர் ‘உழைச்செல்வான்’. நோயாளியின் அருகே இருப்பவன் என்று பொருள். நாலில் ஒரு பங்கு! டாக்டருக்கு எத்தனை கூறோ அத்தனை கூறு. பண்டை நூல்கள் கொடுத்த அந்த ஸ்தானத்தை நாம் எப்போது பறித்தோம் என்று தெரியவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில், 1871இல், சென்னை அரசுப் பொது ஆஸ்பத்திரியில் தாதியருக்குப் பயிற்சி தொடங்கியபோதும் நம் வீட்டுப் பெண்களை அந்த வேலைக்கு அனுப்ப நமக்கு மனம் வரவில்லை. 1946இல் போர் கமிட்டி எண்ணிப் பார்த்தபோது இந்தத் தேசத்தில் இருந்த நர்ஸுகள் சுமார் 7,000. 43,000 பேருக்கு ஒருத்தி. கண்டவனைத் தொடுகிற வேலை என்று சொன்னவர்கள்தாம், பிறகு அது கௌரவமாக ஆனதும் ‘தொண்டு’ என்று பெயர் சூட்டினார்கள்.

‘தொண்டு’ என்ற சொல்லின்மேல் எனக்குச் சமீப காலமாகச் சந்தேகம். கோயிலில் உழவாரம் பிடிப்பவர் தாமாகச் சொல்லிக்கொண்டால் அது பெரிய சொல். சம்பளம் கொடுக்க வேண்டியவர் சொன்னால் அதன் பொருளே வேறு. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகளின் நிலையைப் பற்றிக் கவலை தெரிவித்து, குழு அமைக்கச் சொன்னது. 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று அந்தக் குழு சிபாரிசு செய்தது. சிபாரிசு சிபாரிசாகவே பல ஊர்களில் இருக்கிறது. இதே தமிழ்நாட்டில் 2015இல் ஆயிரக்கணக்கான நர்ஸுகளை மாதம் 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் தெருவுக்கு வந்து உட்கார்ந்தபோது, ‘நோயாளியை விட்டுவிட்டு வரலாமா?’ என்று கேட்டவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள். காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பனியனுக்குப் பேரம் பேசுவது போல மனிதர்களின் கருணைக்குப் பேரம் பேசுகிறோம். அந்தப் பெண் கூடுதல் சம்பளத்தை விரும்பினால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பதை மறுநாள் காலையிலேயே அவளிடம் சொல்லிவிட்டேன். அது எளிதான பாதி.

மேஜைக்குப் போவதைப் பற்றி எனக்கு இருந்த அவநம்பிக்கையையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருஷங்களுக்கு முன்னால் என் தாயார் ஓர் ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறலோடு பதினொரு நாள் கிடந்தாள். அந்த வார்டில் ஒரு தலைமை நர்ஸ் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். காலையில் வருவார்; விரிப்புகளை எண்ணுவார்; சிலிண்டர்களை எண்ணுவார்; கையெழுத்துப் போடுவார்; சின்ன நர்ஸுகளைத் திட்டுவார். என் தாயாரை அவர் ஒரு தடவைகூடத் தொட்டதாக எனக்கு நினைவில்லை. ‘கல் நெஞ்சுக்காரி’ என்று மனசுக்குள் ஒரு பட்டம் கொடுத்தேன். அடுத்த நாவலில் ஒரு பாத்திரமாக்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன்! ஒன்பதாவது நாள் இரவு இரண்டு மணிக்குப் பிராணவாயு தீர்ந்துபோயிற்று. மாற்று சிலிண்டர், சாவியோடு, சுவர் ஓரமாகத் தயாராக நின்றது. இரவு நர்ஸ் ஒரு நிமிஷத்தில் மாற்றிவிட்டாள். பக்கத்து வார்டில் அன்றைக்கு அப்படி நிற்கவில்லை என்று பிறகு காதில் விழுந்தது.

அந்த அம்மையாருக்கு நான் நன்றி சொல்லவில்லை. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கையைப் பிடித்தவளுக்கு நன்றி சொல்லத் தெரிகிறது. எண்ணி வைத்தவளுக்கு எப்படிச் சொல்வது?

ஆகவே, ‘உட்கார்ந்தால் நான் நர்ஸா?’ என்ற கேள்விக்கு என் பதில், ஆம் என்பதுதான். வாரத்தில் ஒரு நாளாவது மூன்று அறைகளிலும் மாறி மாறித் தானே நின்று நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டு வாங்கிக்கொண்டால், அந்தப் பதில் இன்னும் உறுதி. இந்தத் திருப்பூரே மெஷினிலிருந்து எழுந்து மேஜைக்குப் போனவர்களின் ஊர். இங்கே எத்தனையோ முதலாளிகள் ஒரு காலத்தில் டெய்லராக உட்கார்ந்தவர்கள், கட்டிங் மேஜையில் நின்றவர்கள். அவர்களில் சிலருக்கு இன்றும் துணியைத் தொட்டவுடன் நூல் தெரியும், தைக்கிறவளின் தோள் வலியும் தெரியும். சிலருக்குத் துணி மட்டும்தான் தெரியும். இரண்டு விதத்தாரும் ஒரே தெருவிலேதான் வீடு கட்டியிருக்கிறார்கள்.

கஷ்டமான பாதி, அந்தப் பெயர்ப் பட்டியல்.

நைட்டிங்கேல் எண்ணியது இறந்தவர்களை. பட்டியலில் பெயர் இருந்தால் இறந்தவனுக்கு நஷ்டமில்லை. இங்கே நோட்டில் இருப்பவர்கள் நாளைக் காலை எட்டரைக்கு அதே மெஷினில் வந்து உட்கார வேண்டிய பிள்ளைகள். பெரியகுளத்துப் பக்கத்திலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள் பலர். ஒருத்திக்கு எந்த நாளில் வயிற்று வலி, ஒருத்தி எத்தனை நாள் தள்ளிப்போயிற்று என்று அழுதாள், ஒருத்திக்கு வலிப்பு வந்ததை வீட்டாரே மறைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. தாயிடம்கூடச் சொல்லாததை வெள்ளைச் சட்டையைப் பார்த்துச் சொன்னவர்கள் அவர்கள். பட்டியல் ஆபீசுக்குப் போனால் என்ன ஆகும்? ‘அடிக்கடி நோய்ப்படுகிறவள்’ என்று ஒரு பெயருக்கு நேராகப் பென்சில் கோடு விழும். அடுத்த சீசனில் ஆள் குறைக்கும்போது அந்தக் கோடு பேசும். டோக்கனைக் கண்டுபிடித்துக் கொடுத்த அதே நோட்டு ஒருத்தியின் வேலையையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

மானேஜரின் பக்கத்தையும் நினைத்துப் பார்த்தேன். கப்பல் போகும் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும். ஓர் ஆர்டரின் லாபம் முழுவதும் அதில் போய்விடும். நாளைக்கு எத்தனை மெஷினில் ஆள் இருக்கும் என்று அவர் தெரிந்துகொள்ள விரும்புவதில் குற்றமில்லை. ஆனால் அவருக்கு அதற்கு வேண்டியது எண்ணிக்கை. பெயர் எதற்கு? எந்த லைனில் எத்தனை பேர், எந்த நேரத்தில், எந்த உபாதைக்கு என்று தெரிந்தால் டோக்கனைக் கூட்டலாம், தண்ணீர்ப் பானையை நகர்த்தி வைக்கலாம், பத்து மணிக்கு ஒரு டம்ளர் கஞ்சி கொடுக்கலாம். பெயரைத் தெரிந்துகொண்டு செய்யக்கூடிய காரியம் ஒன்றே ஒன்றுதான். அது அந்தப் பெயரை அழிப்பது. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மருத்துவ ஊழியர், முதலாளியிடம் சம்பளம் வாங்கினாலும் தம் தொழில் விஷயத்தில் சுதந்திரமானவராக இருக்க வேண்டும் என்று 1985இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு ஒரு உடன்படிக்கையில் எழுதிவைத்தது. ஜெனீவாவில் எழுதுவது சுலபம். அவிநாசி ரோட்டில், மானேஜரின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு, இருபத்தாறு வயதில் அதைச் சொல்ல வேண்டும்.

“உத்தியோகத்தை ஒப்புக்கொள். எண்ணிக்கையைக் கொடு. பெயரைக் கொடுக்காதே” என்றேன்.

“அப்படிச் சொன்னா இந்த வேலையும் போயிடுச்சுன்னா?” என்றார் தாயார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. நியாயமான கோபம்தான். வேலை போனால் வாடகை கொடுக்கப் போகிறவன் நான் அல்லவே! ஊர்விட்டு ஊர் வந்து, திண்ணையில் உட்கார்ந்து, பிறர் வயிற்றின்மேல் தர்மம் பேசுவது எழுத்தாளர்களுக்குக் கைவந்த கலை. நண்பர்கூடச் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே, “ஏனுங்க, உங்க கதையில வர்ற பொண்ணுன்னு நெனச்சுட்டீங்களா?” என்று ஒரு குத்துக் குத்தினார்.

அந்தப் பெண் எங்கள் மூவரையும் பார்க்கவில்லை. “பேரை வேற நோட்டுல எழுதிக்கலாமுங்க. இதுல நம்பர் போட்டுக்கலாம். எந்த நம்பர் யாருன்னு அந்த நோட்டுக்குத்தான் தெரியும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குள் அவள் மூன்று யூனிட்டுக்கும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள் என்று எனக்குப் பட்டது.

இரண்டு மாதம் கழித்து நண்பரிடம் வேறு காரியமாகப் போயிருந்தேன். இரவு ஒன்பது மணி இருக்கும். அவள் வேலை முடிந்து தெருமுனையிலிருந்து நடந்து வந்தாள். தோளில் பை கனத்தது. உத்தியோகத்தை ஒப்புக்கொண்டுவிட்டாளாம். மாதக் கடைசியில் எண்ணிக்கை மட்டும் கொடுத்தாளாம். மானேஜர், “சரி, பார்க்கலாம்” என்றாராம். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு யூனிட்டில் டோக்கனே போய்விட்டது. இன்னொன்றில் இன்னும் இருக்கிறது. மூன்றாவதில் அவளுக்குக் கீழே வந்த பெண் இரண்டே வாரத்தில் கல்யாணம் என்று நின்றுவிட்டாள், அதனால் வாரம் மூன்று நாள் இவளே அங்கே நிற்கிறாள்.

“அந்தப் பேர் நோட்டு?” என்று கேட்டேன்.

“பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கறனுங்க. பழைய பூட்டு ஆடுச்சு. நானே புதுசு வாங்கிப் போட்டேன். ரெண்டு சாவி வந்துச்சுங்க. ஒண்ணை ஆபீசுல கேட்டாங்க.”

“கொடுத்துவிட்டாயா?”

“தொலைஞ்சு போச்சுன்னு சொல்லியிருக்கறனுங்க” என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டு வாசலைப் பார்த்தாள். அங்கே அவள் தாயார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கழுத்துக் கயிற்றில் இரண்டு ஊக்குகளுக்கு நடுவே ஒரு சின்னச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.